அண்ணன் காரில் மட்டும் எடுக்கும் ரேடியோ

என் வீட்டுக்காரர் ரேடியோவுக்காகப் பேசிவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சோறு தின்னவில்லை, உணவு உட்கொண்டோம். தண்ணீர் குடிக்கவில்லை; நீர் அருந்தினோம். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டாயா என்று கேட்கிற மனுஷன், "கால்நடைகளுக்குத் தீவனம் அளித்தாயிற்றா?" என்று கேட்டார். மாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

நடந்தது இதுதான். பென்னாகரத்தில் விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். அங்கே வானொலி நிலையத்திலிருந்து மைக்கோடு வந்திருந்தவர்கள், ராகியில் நல்ல மகசூல் எடுத்தவர் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் கையைத் தூக்கியிருக்கிறார். பந்தலுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவு செய்துகொண்டு, அடுத்த மாதம் இன்ன நாள் சாயங்காலம் விவசாய நிகழ்ச்சியில் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். மத்திய அலையில் மட்டும்தான் வரும், எஃப்எம்மில் வராது என்றும் சொன்னார்களாம். இவர் அதைக் காதில் வாங்காமல் ஏரியூர் வரைக்கும் பஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வி எழுந்தது. எதில் கேட்பது?

எங்கள் வீட்டு ரேடியோவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கியவள் நான்தான். அந்தக் குடம் இன்றைக்கும் ஒழுகாமல் இருக்கிறது, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் இவர் குடத்தைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டோம். "இதுக்கு எதுக்குப்பா ரேடியோ? போன்லயே கேக்கலாம்" என்று எதையோ இறக்கிக்கொள்ளச் சொன்னாள். இறக்கினோம். எங்கள் ஊரில் கிணற்று மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் வரும். அங்கே நின்று அழுத்தினால் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ரேடியோவில் பேசியதை ரேடியோவில்தான் கேட்க வேண்டும் என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

பென்னாகரத்துக் கடைகளில் ரேடியோ கேட்டால் பானை மாதிரி ஸ்பீக்கர்களைக் காட்டினார்கள். கலர் கலராக லைட் எரிகிறது, பாட்டு அதிர்கிறது, மத்திய அலை மட்டும் இல்லை. "அதெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க?" என்று கடைக்காரர் சிரித்தாராம். அப்போதுதான் இவருக்கு ஒரு யோசனை உதித்தது. கார்! கார் ரேடியோவில் எல்லாம் இருக்குமே.

அதற்குப் பிறகு நாங்கள் ஏறிய வண்டி, ஏறாத வண்டி எல்லாவற்றிலும் விசாரணை நடந்தது. பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றும் வண்டிக்காரரிடம், "தம்பி, உங்கள் வாகனத்தில் மத்திய அலை உண்டா?" என்று கேட்டார். அவர் பயந்துபோய், "எல்லா பேப்பரும் சரியா இருக்குதுங்க" என்றார். சித்தேரி மலைக்கு ஜீப் ஓட்டும் என் தாய்மாமன் மகன், பென் டிரைவில் ஆயிரம் பாட்டு இருக்கும்போது கரகரப்பைக் காசு கொடுத்தா கேட்பார்கள் என்றான். அதியமான்கோட்டையில் எங்கள் உறவுக்காரர் ஒருவர், வாத்தியார், புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருந்தார். அதைப் பார்க்கப் போவது போல ரேடியோவைப் பார்க்கப் போனோம். சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் ரோடு தெரிகிறது, வானிலை தெரிகிறது, பின்னால் வருகிற நாய்கூடத் தெரிகிறது. மத்திய அலை இல்லை. மோட்டாரே மத்திய அலைக்குள் இரைச்சல் போடுவதால் அந்த ரேடியோவை வைப்பதில்லை என்று விற்றவர்கள் சொன்னார்களாம். "சாமி கும்பிட்டு வாங்கின வண்டி. அதுல இல்லாததைக் கேட்டு நிக்கறீங்களே" என்று வாத்தியார் சம்சாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆக, எங்களுக்குத் தெரிந்த வட்டாரத்தில் மத்திய அலை எடுக்கிற கார் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில், வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது.

அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் கலராக இருந்தது என்று ஆர்சி புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். மாசத்துக்கு ஒரு முறை சந்தைக்குப் போகும், வருஷத்துக்கு ஒரு முறை ஒகேனக்கலுக்குப் போகும். மற்ற நாளெல்லாம் அதன் வேலை ரேடியோ பாடுவது. மாமா (வீட்டுக்காரரின் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சாயங்காலம் மாடு கட்டிவிட்டு வந்து காருக்குள் ஏறுவார். கதவைச் சாத்துவார். கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து விவசாய நிகழ்ச்சி கேட்பார். வண்டி நகராது. ஸ்டீயரிங்கை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருப்பார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

எங்கள் வீட்டு வாசல் பல்பு எரிந்தால் அவர் ரேடியோ இரையும். இது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. நிகழ்ச்சி ஆரம்பிக்கிற நேரத்தில், "வாசல் லைட்டை நிறுத்தச் சொல்லும்மா" என்று எனக்குச் சொல்லி அனுப்புவார். பகையில் நம்மை இருட்டில் உட்காரவைக்கிறார் என்று இவர் கொதிப்பார், அப்புறம் நிறுத்துவார். எல்லாமே என் வழியாகத்தான். இரண்டு பேரும் ஒரே வரப்பில் எதிரெதிரே நின்றுகொண்டு, "உன் வூட்டுக்காரன் தண்ணி பாச்சிட்டானான்னு கேளும்மா" என்பார் ஒருவர். "பாச்சியாச்சுன்னு சொல்லு" என்பார் மற்றவர். நான் நடுவில் நின்று ஆளுக்கொரு முறை தலையை ஆட்டுவேன். நானும் அக்காவும், அதாவது மாமாவின் சம்சாரமும், இதற்கெல்லாம் நடுவே குழம்பு மாற்றிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம்.

சண்டைக்குக் காரணம் நிலம் இல்லை, காசு இல்லை. ஒரு மரக்கட்டை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மாமா தன் கொல்லைக் காட்டில் முழங்கால் உயரம்கூட வராத ராகிப் பயிர்மேல் ஒரு கட்டையை மாட்டில் கட்டி இழுத்தார். கர்நாடகப் பக்கம் யாரோ செய்வதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கட்டை ஏறி இறங்கினால் பயிர் சாயும், சாய்ந்தது அடியிலிருந்து புதுக் கிளைகள் விட்டு எழும்பும், ஒரு தூருக்குப் பத்துக் கதிர் வரும் என்பது கணக்கு. வளர்கிற பயிர்மேல் கட்டையை இழுக்கிறவனை ஊர் என்ன சொல்லும்? எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். டீக்கடையில் நின்று, "எங்கண்ணனுக்கு மூளை கொழம்பிருச்சு, பயிரைப் புடுங்கறதுக்கு மாடு புடிச்சிருக்கறாரு" என்று கை தட்டிச் சிரித்தார். மாமா கடைக்கு வெளியே சைக்கிளோடு நின்றிருந்தார். கேட்டார். திரும்பிப் போனார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் மாமாவுக்கு மூட்டை கூடவே விழுந்தது. இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரரும் கட்டை இழுக்க ஆரம்பித்தார். யாரைப் பார்த்து ஆரம்பித்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பென்னாகரத்தில் மைக் முன்னால் பேசியது அந்தக் கட்டையைப் பற்றித்தான்.

பேசியதை எனக்கு வீட்டில் அடிக்கடி நடித்துக் காட்டினார். "முதன்முதலாக நான் என் வயலில் சோதித்துப் பார்த்தேன்" என்று ஒரு வரி வரும்.

"முதன்முதலாவாங்க?" என்று கேட்டேன்.

"எங் கொல்லையில மொதமொதலா நான்தானே இழுத்தேன்? உங்கப்பனா வந்து இழுத்தாரு?"

"அண்ணன் பேரைச் சொன்னீங்களா இல்லையா?"

மூக்கைத் தேய்த்தார். "மைக்கைப் பாத்ததும் என்ன வந்துச்சுன்னு சரியா ஞாபகமில்ல புள்ள" என்றார். அப்போது மட்டும் வானொலித் தமிழ் வரவில்லை.

இருந்தாலும் தன் குரலைக் கேட்க வேண்டுமே. ஒலிபரப்பு நாளுக்கு முந்தின நாள் என்னை அடுத்த வீட்டுக்கு அனுப்பினார். நான் போய், "மாமா, இவரு ரேடியோவுல பேசியிருக்கறாருங்க. நாளைக்குச் சாயங்காலம் வருதாம். உங்க கார்ல கேக்கலாமான்னு…" என்று இழுத்தேன்.

மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்த மாமா திரும்பினார். "அவன் பேசறானா? ரேடியோவுலயா?" என்றார். அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது, உடனே மூடிக்கொண்டார். "வூட்டுக்கிட்ட கரண்டுக் கம்பி இரைச்சல். மேட்டுக்குப் போனா சுத்தமா எடுக்கும். நேரத்துல வந்து ஏறச் சொல்லும்மா." எதைப் பற்றிய பேச்சு என்பதை மட்டும் சொல்லாமல் நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நான்கு பேரும் கிளம்பினோம். அக்கா ஒரு குண்டான் நிறைய அவித்த கடலைக்காய் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போகிற சட்டை போட்டிருந்தார். ரேடியோவில் சட்டை தெரியாது என்றேன், கேட்கவில்லை. பேச்சாளர் என்பதால் முன்சீட்டு அவருக்குத்தான். எட்டு வருஷம் கழித்து அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இவர் இந்தப் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார், அவர் அந்தப் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நல்லவேளை, ரோடு நேராக இருந்தது.

ஊரைத் தாண்டிய மேட்டில் வண்டியை ஓரம் கட்டினார் மாமா. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குமிழைத் திருகினார். ஒரு கன்னட நிலையம் குறுக்கே வந்து பேசிவிட்டுப் போனது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பியதும் தமிழ் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலச் சுத்தமாக. மாட்டு மடி நோய் பற்றி ஒரு டாக்டர் பேசினார். ஒரு பாட்டு. கடலைக்காய்த் தொலி காருக்குள் குவிந்தது. அப்புறம் அறிவிப்பாளர், கேழ்வரகு சாகுபடியில் தன் அனுபவங்களை ஒரு விவசாயி சொல்கிறார் என்று சொல்லி, இவர் பேரும் ஊரும் சொன்னார்.

அக்கா கை தட்டினார். மாமா சத்தத்தைக் கூட்டினார்.

"விவசாயப் பெருங்குடி மக்களே, வணக்கம்!" என்றது பெட்டி. நான் அறிந்த குரல்தான். ஆனால் யாரோ அதற்கு வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டது போல இருந்தது. உழவு, எரு, நாற்று என்று வரிசையாகப் போனது. மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் முன்சீட்டைப் பார்த்தேன். இவர் கழுத்தில் வியர்வை வடிந்துகொண்டிருந்தது. கடலைக்காயை உரிக்காமலே வாயில் போட்டு மென்றார். மைக் முன்னால் சொன்னதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"நடவு செய்து இருபது நாட்கள் ஆனதும்…" என்றது ரேடியோ.

"அண்ணா!" என்றார் என் வீட்டுக்காரர்.

எட்டு வருஷத்தில் அவர் அண்ணனைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க சரியா எடுக்கலீங்கண்ணா. கரகரங்குது. கொஞ்சம் கீழ போலாங்க."

பளிங்கு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது. மாமா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணா என்று கூப்பிட்டதற்கு அவர் அந்த நேரம் காவிரிக்குள் விடச் சொன்னாலும் வண்டியை விட்டிருப்பார். சாவியைத் திருப்பி, கியர் போட்டு, சரிவில் இறக்கினார். கீழே, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பெரிய மின்கம்பிகள், கோபுரம் கோபுரமாக ரோட்டைத் தாண்டிப் போகின்றன. அதற்கு அடியில் போனதும் ரேடியோ, "கொர்ர்ர்" என்று மாவு மில் மாதிரி அரைக்க ஆரம்பித்தது. குரல் அதற்குள் எங்கேயோ முழுகிப்போனது.

"இங்க நல்லா இருக்குதுங்க. நிறுத்துங்கண்ணா" என்றார் இவர்.

"இங்கயா?" என்றார் மாமா.

"ஆமாங்கண்ணா. குளுகுளுன்னு இருக்குது."

நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். சிரிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த மனுஷனுக்கு இவ்வளவு பயம் இருக்கிறதென்றால் அண்ணன்மேல் எவ்வளவு ஆசை வைத்திருக்க வேண்டும் என்று நினைத்து அழுகையும் வந்தது.

"ஒண்ணுமே காதுல வுழுகல தம்பி, நீ பேசறதைக் கேக்கத்தான வந்தோம்" என்றார் அக்கா, கள்ளமில்லாமல்.

"அதானே" என்று மாமா பின் கியர் போட்டார். ஒரு கையை முன்சீட்டின் முதுகில் போட்டு, உடம்பைத் திருப்பி, பின்கண்ணாடியைப் பார்த்தபடி மேடேறினார். அவர் முகம் எங்களுக்கு நேரெதிராக இருந்தது. இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. குரல் மேலே வந்தது.

"…பயிரின் மேல் கட்டையை இழுத்தபோது என்னைப் பார்த்து ஊரே சிரித்தது. பைத்தியக்காரன் என்றார்கள். கூடப் பிறந்தவர்களே கேலி செய்தார்கள். நான் மனம் தளரவில்லை…"

வண்டி நின்றது. மாமா திரும்பிய முகத்தைத் திருப்பவில்லை. பின்கண்ணாடியில் ரோடு மட்டும்தான் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் முழங்காலைப் பார்த்தபடி குனிந்து, கல்யாணச் சட்டைக்குள் பாதியாகச் சுருங்கிப்போயிருந்தார். அண்ணன் பட்டதையெல்லாம் தான் பட்டதாகச் சொல்லி, தான் சிரித்த சிரிப்பை அண்ணன் தலையில் கட்டிவிட்டிருந்தார். நான் நினைத்ததைவிட மோசம். பேச்சு ஓடி முடிந்தது. நன்றி, வணக்கம் என்றது பெட்டி. மாமா கையை நீட்டி அதை அணைத்தார்.

"கூடப் பொறந்தவன் சிரிச்சானா?" என்றார்.

இவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

மாமாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் ஆரம்பித்து, ஸ்டீயரிங்கில் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். நானும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்களைப் பாத்துதாண்ணா செஞ்சேன்" என்றார், குனிந்தபடியே. "சொல்ல வாய் வரல."

"அது தெரியும்" என்றார் மாமா. சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மொத வருசம் ஈரத்துல இழுத்துட்டியேடா. கால் ஏக்கரு வேரோட கையில வந்துச்சே. அன்னிக்கு நான் வரப்புலதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ கூப்புடுவியான்னு நின்னேன். பொழுது சாயற வரைக்கும் நின்னேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல."

என் வீட்டுக்காரர் அண்ணன் பக்கம் திரும்பினார். அவர் உதடு கோணிக்கொண்டு போனதை நான் அதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அவர் அம்மாவைத் தூக்கிப் போன அன்றைக்கு.

"பாத்தேண்ணா" என்றார். "நீங்க நின்னதைப் பாத்தேன். வெக்கமா இருந்துச்சு."

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. மாமா சாவியில் கை வைத்தார், திருப்பவில்லை. தம்பியின் மடியில் சிந்திக் கிடந்த கடலைத் தொலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கண்ணாடி வழியாக வெளியே போட்டார்.

"இந்த வருசப் பயிரு தயாரா நிக்குதுங்கண்ணா" என்றார் இவர். "நாளைக்குக் கட்டை ஓட்டணும். வாங்கண்ணா."

"வெயில் ஏறி ஈரம் காயட்டும், வரேன்" என்றார் மாமா.